வெள்ளை வந்தால் பெங்களூர்

எங்கள் எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள் என்பதை எனக்கு முதலில் சொன்னவர், ஏற்காடு சுற்றிப் பார்க்க வந்த ஒரு கார்க்காரர். செம்மநத்தம் போகிற ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு, நான் செடிக்கடியில் உதிர்ந்த காப்பிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு இறங்கி வந்தார். "இங்கதானே வில்லா வரப்போகுது? லேக் எந்தப் பக்கம் தெரியும்?" என்று கேட்டார். "லேக்கு அந்தப் பக்கமுங்க. நடுவுல ரெண்டு மலை நிக்குது. அதையும் வித்துட்டாங்கன்னா நல்லாத் தெரியும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் அதற்கப்புறம் வேலையில் கை ஓடவில்லை.

சாயங்காலம் ரைட்டரைப் பிடித்துக் கேட்டோம். "நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்று தலையைச் சொறிந்தார். அந்த வருஷத்து மிளகு பறித்து முடிந்ததும் லைன் வீடுகளைக் காலி செய்துவிட வேண்டுமாம். பேரேடு எழுதுகிற அவருக்கே அடுத்து எங்கே போவது என்று தெரியாது. அவர்மேல் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் கோபப்பட்டேன். எனக்குக் கோபம் வந்தால் ஆள் பார்த்து வராது.

மாரமங்கலம் பக்கத்து மலைக்காரர்களுக்குக் கொஞ்சமாவது நிலம் இருக்கிறது. நான்கு மிளகுக் கொடி, ஒரு ஆரஞ்சு மரம், ராகி விதைக்க ஒரு சரிவு. யார் எதை விற்றாலும் அவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள். நாங்கள் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த கூலிக்காரர்களின் பேரப்பிள்ளைகள். எங்களுக்கு இருந்தது லைனில் ஒரு வீடு. எஸ்டேட் வேலை இருக்கிற வரைக்கும்தான் அதுவும்.

தமிழ்நாட்டை விட்டுப் போவானேன், இங்கேயே எங்காவது போகலாமே என்று கேட்காத ஆளில்லை. கேட்டவர்களில் ஒருவர்கூட எங்கே என்று சொல்லவில்லை. பக்கத்து எஸ்டேட்டுகளில் வடக்கேயிருந்து தனி ஆட்களாகக் கூட்டிவந்து ஒரே ஷெட்டில் தங்க வைத்துவிட்டார்கள். குடும்பத்துக்கு வீடு கொடுத்து வைத்துக்கொள்கிற வழக்கமே மலையில் தீர்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு நாள் திருப்பூர் வரைக்கும் போய்ப் பார்த்தார். ஐம்பது தாண்டிய ஆளைக் கம்பெனி கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள். அன்றைக்கே பஸ் ஏறித் திரும்பி வந்தவர், வேலை கிடைக்கவில்லை என்று சொல்லவில்லை. "அங்க மரமே இல்ல புள்ள" என்றார்.

கடைசியில் எங்களுக்கு மிஞ்சியது இரண்டு இடம். இரண்டும் கர்நாடகாவில் இருந்தன. ஒன்று கொடகு. என் அண்ணன் பதினைந்து வருஷமாக அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் இருக்கிறான். புருஷன் பெண்சாதி ஜோடியாக வந்தால் வேலையும் உண்டு, வீடும் உண்டு. இன்னொன்று பெங்களூர். எங்கள் மகளைக் கட்டிக்கொடுத்த இடம். மாப்பிள்ளை தனக்குத் தெரிந்த ஒரு அப்பார்ட்மென்டில் என் வீட்டுக்காரருக்கு வாட்ச்மேன் வேலையும் எனக்குப் படிக்கட்டு துடைக்கிற வேலையும் பேசி வைத்திருந்தார். அங்கேயே தங்குவதற்கு ஒரு ரூமும் கொடுப்பார்கள்.

அவருக்குக் கொடகு. எனக்குப் பெங்களூர். இவ்வளவுதான் எங்கள் சண்டை. ஆனால் எனக்கு ஏன் பெங்களூர் என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அதைச் சொல்ல வேண்டுமானால் அவர் வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு சில்வர் ஓக் மரங்கள் நிற்கும். பனை மரம்போல நேராக ஓங்கி வளரும் அந்த மரத்தில்தான் மிளகுக் கொடியை ஏற்றிவிடுவார்கள். மிளகு பறிக்கிற ஏணி, கணுக் கணுவாகக் குச்சி விட்ட ஒற்றை மூங்கில். அதை மரத்தோடு சாய்த்துக் கட்டிவிட்டு, முதுகில் சாக்கோடு ஏறி, இரண்டு கையாலும் பறிக்க வேண்டும். பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. முழங்காலும் நெஞ்சும்தான் பிடி. அதில் அவரை அடித்துக்கொள்ள ஏற்காட்டில் ஆளில்லை என்று நான் சொன்னால் பெண்டாட்டி பேச்சு என்பீர்கள். ஆனால் மற்ற எஸ்டேட்டிலிருந்து ஜீப் அனுப்பிக் கூட்டிப்போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உச்சியில் நின்றுகொண்டு, எந்த லைனில் யார் வீட்டில் கறி வேகிறது என்று புகையைப் பார்த்தே கத்திச் சொல்வார். கீழே பெண்கள் எல்லாம் சிரிப்போம். வீட்டுக்குள் வந்தால் பத்து வார்த்தை பேசமாட்டார். அவருடைய பேச்செல்லாம் மரத்தின் மேல்தான்.

காலி செய்யச் சொன்னதற்கு முந்தின வருஷம் விழுந்தார். பாதி மரத்திலிருந்துதான். காப்பிச் செடி தாங்கிக்கொண்டதால் எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அதற்கப்புறம் தலை சுற்றல் வந்தது. காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் உட்காரவில்லை, கதவோரமாக நின்றேன். "காதுக்குள்ள நம்மள நிதானமா நிறுத்தி வெக்கிற இடத்துல கோளாறு. சரியாகலாம், ஆகாமலும் போகலாம். உயரத்துக்கு மட்டும் இனிமே ஏறாதீங்க. ஏறி நிக்கும்போது சுத்துச்சுன்னா அவ்வளவுதான்" என்று டாக்டர் சொன்னது எனக்கு எழுத்து எழுத்தாகக் காதில் விழுந்தது. வெளியே வந்தவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சத்துக் கொறைவாம். கீரை திங்கச் சொன்னாரு" என்றார்.

நானும் நம்பினவள் மாதிரி ஒரு வருஷம் பூராவும் கீரை ஆக்கிப் போட்டேன்.

கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. எனக்கு அவரைத் தெரியும். டாக்டர் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது என்று தெரிந்தால் மரம் ஏறுவதை நிறுத்தமாட்டார். தலை சுற்றினால் என் முன்னால் காட்டிக்கொள்வதைத்தான் நிறுத்துவார். அடுத்த மிளகுக்கும் ஏறத்தான் செய்தார். ஒரு நாள் நான் பழக்கூடையோடு போகும்போது பார்த்தேன். மூங்கிலின் நடுவில், மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நிற்கிறார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரே என்று பயம். அவர் கண்ணைத் திறந்து மறுபடி மேலே ஏறத் தொடங்கும்வரை நான் கூடையை இறக்காமல் அங்கேயே நின்றேன்.

கொடகில் எங்கள் மலையைவிடப் பெரிய மரங்கள். அங்கேயும் மிளகுதான், அங்கேயும் ஒற்றை மூங்கில்தான். அண்ணன் இவருக்கென்று சொல்லி வைத்ததே மிளகு வேலைதான். அங்கே போனால் ஒரு நாள் இவரைக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. பெங்களூரில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நாற்காலியிலிருந்து விழுந்து யாரும் செத்ததில்லை.

பொங்கலுக்கு அண்ணன் வந்தான். மலையில் எல்லோருக்கும் எங்களைப் பற்றி ஒரு யோசனை இருந்தது. கொடகில் யானை மிதிக்கும் என்றார் ஒருவர். பெங்களூரில் குளிக்கத் தண்ணீர் கிடையாது என்றார் இன்னொருவர். அண்ணன் அதையெல்லாம் ஒரு கையால் தள்ளிவிட்டான்.

"மாப்ள, உங்க கைக்கு அங்க நொம்ப மரியாதைங்க. பெங்களூர்ல போயி கேட்டத் தொறந்து மூடறதுக்கா இத்தன வருசம் தொழில் கத்தீங்க?" என்றான்.

அவர் முகம் மலர்ந்துபோனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்ணா, கேட்டத் தொறந்து மூடறது என்ன கேவலமா? உன்ர தங்கச்சி படிக்கட்டுத் தொடைக்கப் போறா, அதுவும் கேவலமா?"

"அப்புடிச் சொல்லல கண்ணு. தெரிஞ்ச வேலைய உட்டுப்போட்டு ஏன் போவோணும்னுதான் கேக்கறேன்."

"பொண்ணு அங்க இருக்குது. அதான்" என்றேன். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

மகளும் போனில் அழைத்துக்கொண்டே இருந்தாள். "அப்பா, இங்க வந்துருங்கப்பா. ஏதாச்சும்னா ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்குது" என்பாள். மகளைச் செல்லமாகச் சாமி என்றுதான் கூப்பிடுகிறவர், "பாக்கலாம் சாமி" என்பார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே தை முடிந்து மாசியும் வந்துவிட்டது. எங்கள் லைனில் பாதி வீடு காலியாகிவிட்டது. ஒரு நாள் நான் நேரிடையாகவே கேட்டேன்.

"ஏனுங்க, எங்க போறதுன்னு ஒரு முடிவு சொல்லுங்க. அடுப்பக்கூட எடுத்து வெக்கல இன்னும்."

"நீ ஒண்ணச் சொல்ற, நான் ஒண்ணச் சொல்றேன். சேர்வராயங்கிட்டப் பூப் போட்டுக் கேட்டுப்புடலாம். சாமி என்ன சொல்லுதோ அதுதான். அதுக்கப்புறம் நீயும் பேசக்கூடாது, நானும் பேசக்கூடாது" என்றார்.

பூப் போட்டுக் கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். கல்யாணம், கிணறு, வழக்கு, எதுவானாலும் மனுஷன் முடிவு செய்ய முடியாத இடத்தில் சாமியிடம் விடுவது. ஒரே அளவு காகிதத்தில் ஒன்றில் வெள்ளைப் பூவும் ஒன்றில் சிவப்புப் பூவும் வைத்துப் பொட்டலம் மடிக்க வேண்டும். எந்தப் பூவுக்கு எந்தப் பதில் என்று முதலிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். சாமி காலடியில் வைத்துக் கும்பிட்டு, சம்பந்தமில்லாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது சாமியைச் சந்தேகப்படுகிற மாதிரி. அதை யார் காலும் படாத இடத்தில் போட்டுவிட வேண்டும்.

"வெள்ளை வந்தா பெங்களூர். செவப்பு வந்தா கொடகு" என்று அவரே சொன்னார். பொட்டலம் மடிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார். எனக்குப் பெங்களூர் ஆசை என்று தெரிந்தும் என்னிடம்தான் கொடுத்தார். சாமி காரியத்தில் ஒரு ஆள் ஏமாற்றும் என்கிற நினைப்பே அவருக்கு வராது.

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு லைன் முனையில் இருந்த மாரியம்மன் கோயிலுக்குப் போய் அரளி பறித்து வந்தேன். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று பறிக்கத்தான் போனேன். சத்தியமாக அப்படித்தான் போனேன். வெள்ளையைப் பறித்தேன். சிவப்பைப் பறித்தேன். அப்புறம் இன்னொரு வெள்ளையையும் பறித்தேன். அவர் வெளியே சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். நான் காலண்டர் தாளை இரண்டாகக் கிழித்து, இரண்டிலும் வெள்ளைப் பூவை வைத்து மடித்தேன். சிவப்புப் பூவை அடுப்பில் போட்டேன். ஈரப் பூ எரியாமல் கொஞ்ச நேரம் புகைந்துகொண்டே இருந்தது. 

சேர்வராயன் கோயில் மலை உச்சியில். மேலே ஏறிப் போனால் கபடி விளையாடலாம் போலச் சமதளமாக இருக்கும். காற்று மட்டும் ஆளைத் தள்ளும். கோயில் என்பது ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். பூசாரி எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, பொட்டலங்களை வாங்கிச் சாமி காலடியில் வைத்து, கற்பூரம் காட்டினார். என் வீட்டுக்காரர் குனிந்தபடியே, வாய்விட்டு, "அப்பா, எங்க போனா நாங்க நல்லாருப்போம்னு நீயே சொல்லீரு" என்று கேட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் கேட்டதில்லை. எனக்கு அந்த நிமிஷமே வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது.

சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒரு குடும்பத்துச் சின்னப் பெண்ணைப் பூசாரி கூப்பிட்டார். கையில் வெள்ளரித் துண்டோடு வந்த குழந்தை, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. அவ்வளவு நேரம் யோசித்தது பாவம். இடது பக்கம் இருந்ததை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார்.

"வெள்ளைங்க. பெங்களூர்தான் சாமி உத்தரவு."

அவர் அந்தப் பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொரு பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, ஆள் நடக்காத இடமாகப் பார்த்துப் போடச் சொன்னார் பூசாரி. குகைக்குப் பின்பக்கமாகப் போய் ஒரு புதருக்குள் வீசினேன். வீசி முடிப்பதற்குள் பாறை மேலிருந்து ஒரு குரங்கு குதித்துப் பொட்டலத்தை எடுத்துவிட்டது. தின்பண்டம் என்று நினைத்திருக்கும். எடுத்துக்கொண்டுபோய், எல்லோரும் நடக்கிற பாதையின் நடுவில் உட்கார்ந்து சாவகாசமாகப் பிரித்தது. முகர்ந்து பார்த்தது. வெள்ளை அரளியை வெளியே போட்டுவிட்டு, காகிதத்தையும் கிழித்துப் போட்டுவிட்டுப் போனது. அவர் அந்தப் பக்கம் தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுந்து நிற்பதற்குள் நான் ஓடிப்போய்ப் பூவின் மேல் காலை வைத்து நின்றுகொண்டேன். சாமிக்கு வைத்த பூவின் மேல், செருப்பில்லாத காலோடு. "என்ன புள்ள, முள்ளு குத்தீருச்சா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கொடகு என்ற பேச்சையே எடுக்கவில்லை. அண்ணனுக்கு அவரே போன் செய்து, "சாமி உத்தரவு அப்படி ஆயிப்போச்சுங்க மச்சான்" என்றார்.

பெங்களூர் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கீழ்த்தளத்தில் கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் மோட்டார் ரூமை ஒட்டி எங்கள் ரூம். மோட்டார் ஓடினால் பாத்திரமெல்லாம் சேர்ந்து பேசும். அவருக்கு நீலச் சட்டை, தொப்பி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கன்னடம் நான்கு வார்த்தை கற்றுக்கொண்டார். எனக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் எனக்குச் சண்டை போட வேண்டியிருக்கிறது. வேலையில் குறை சொல்ல முடியாது. நாற்காலியில் ஒரு நாளும் தூங்கினதில்லை. குழந்தைகள் பள்ளிக்கூட வேனில் ஏறுகிற வரைக்கும் கூடவே நிற்பார்.

முதல் ஆறு மாதம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி மாளாது. மலையில் இருக்கும்போது யாராவது வேகமாக ஓடிவந்தாலே, அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று கூடையைப் போட்டுவிட்டு நிற்பேன். இங்கே அந்தப் பயம் இல்லை. படிக்கட்டு துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். உட்கார்ந்திருப்பார். மறுபடி பார்ப்பேன். உட்கார்ந்திருப்பார். காதில் கோளாறும் ஓரளவு அடங்கிவிட்டது. சுவரைப் பிடித்து நிற்பதில்லை. நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சாமி என்ன, ஒரு உயிரைக் காப்பாற்றினதற்காகவா கோபித்துக்கொள்ளும் என்று வாதம்கூட வைத்திருந்தேன்.

அவர் பேச்சு குறைந்துபோனதை நான் கவனிக்காமல் இல்லை. ஊர் மாறினால் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போய் வரலாம் என்று மகள் கூப்பிட்டபோதுதான் எனக்கு முதல் தடவையாகச் சுருக்கென்றது.

"வேண்டாம் சாமி. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

"ஏம்ப்பா? வருசா வருசம் போவீங்களே?"

"வெளிய போன்னு சொன்னவங்க ஊட்டுக்கு நாம எதுக்குப் போவோணும்?"

மகள் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். நான் சட்டென்று அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தேன்.

போன மாதம் ஒரு பெரிய மழை. எங்கள் அப்பார்ட்மென்ட் மதிலோரம் ஒரு சில்வர் ஓக் நிற்கிறது. பெங்களூரிலும் அந்த மரம் உண்டு. ஆனால் அதில் மிளகு கிடையாது, யாரும் நிமிர்ந்து பார்ப்பதும் கிடையாது. அதில் ஒரு கிளை முறிந்து கார்களுக்கு மேலே தொங்கியது. வெட்டுவதற்கு ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கான்ட்ராக்டரும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள். நான் முதல் மாடிப் படியில் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

"அடியில ஒரு வெட்டு வாங்கிக்கிட்டு அப்புறம் மேல வெட்டுங்கப்பா. இல்லாட்டிப் பட்டையோட உரிஞ்சு வந்துரும்" என்று என் வீட்டுக்காரர் சொல்வது கேட்டது. இரண்டு வருஷத்தில் அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"தெரிஞ்ச மாதிரி சொல்றீங்களே. ஏறிக் காட்டறீங்களா பெரியவரே?" என்று கான்ட்ராக்டர் கிண்டலாகக் கேட்டார்.

"எனக்கு ஏற உத்தரவு இல்லீங்க."

"யாரு, அசோசியேசன்லயா?"

"இல்லீங்க. எங்க ஊரு சாமிகிட்ட. பூப் போட்டுக் கேட்டோம். மரத்துப் பக்கம் போகாதேன்னு சொல்லீருச்சு."

"அப்படி என்ன தப்புப் பண்ணீங்க?"

நான் மாப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"அதாங்க தெரியல. முப்பது வருசம் ஏறுனேன். ஒரு கொடியக்கூட இழுத்துப் பிச்சதில்ல. கும்பிடாம ஒரு மரத்துல காலு வெச்சதில்ல. என்ன குத்தம்னு இந்த நாற்காலியில உக்காந்து யோசிச்சுப் பாத்துட்டனுங்க. ஒண்ணும் பிடிபடல."

ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் அவரைக் காப்பாற்றி நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே உட்கார்ந்து, செய்யாத குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

மத்தியானம் சாப்பிட வந்தார். சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றி, அவர் இரண்டு வாய் சாப்பிடுகிற வரைக்கும் காத்திருந்தேன். அப்புறம் சொன்னேன்.

"ஏனுங்க. ரெண்டுலயும் வெள்ளைதான் வெச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். டாக்டர் ரூம் கதவு, கீரை, மூங்கில் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றது, அடுப்பில் போட்ட சிவப்புப் பூ, குரங்கு, காலில் மிதித்த பூ. ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அதைக் காட்டிப் பச்சாதாபம் வாங்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் கை சோற்றிலேயே இருந்தது.

அடிப்பார் என்று பயப்படவில்லை, அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. எழுந்து போய்விடுவார், அப்புறம் சாகும்வரை என்னோடு பேசமாட்டார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் சொன்னேன்.

"தல சுத்தறது எனக்கு" என்றார் மெதுவாக. "அத எங்கிட்டயே கேட்டிருக்கலாமில்ல புள்ள."

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "சொல்லியிருக்கமாட்டேன்" என்றார்.

மோட்டார் ஓடி நின்றது. பிறகு அவர் முகத்தில் ஏதோ மாறியது. முதலில் கோபம் என்றுதான் நினைத்தேன். இல்லை. அவர் முகம் மலர்ந்துகொண்டிருந்தது.

"அப்படின்னா சாமி எம்மேல ஒண்ணும் கோவமாச் சொல்லல."

"இல்லீங்க. சாமி ஒண்ணுமே சொல்லல. எல்லாம் நான் பண்ணதுதான்."

"அப்படின்னா சாமி இன்னும் பதிலே சொல்லல."

அதைச் சொல்லிவிட்டு, ஆறிப்போன சோற்றைப் பிசைந்து முழுவதும் சாப்பிட்டார். மறுசோறும் வாங்கிக்கொண்டார். தட்டைத் தானே கழுவி வைத்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர், திரும்பி வந்து நின்றார்.

"வர்ற வைகாசிக்கு மலைக்குப் போலாம். மறுக்கா கேக்கலாம். இந்தத் தடவ பொட்டலம் நான் மடிக்கிறேன்."

நான் சரிங்க என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் எனக்கு? அவர் என்னை மாதிரி இல்லை. ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்று ஒழுங்காகத்தான் மடிப்பார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.